பத்து லட்சம் டாலர் கோடு: அமெரிக்க மாநிலங்களின் எஸ்டேட் வரி குடும்பங்களை எப்படித் தொடுகிறது

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022 டிசம்பர் 31-ஆம் தேதி ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். வீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, பங்குகள் எல்லாம் சேர்த்து அவர் விட்டுச்சென்றது 20 லட்சம் டாலர். பிள்ளைகள் மாநில அரசுக்குக் கட்ட வேண்டிய எஸ்டேட் வரி, அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின் மேல் போடும் வரி, 99,600 டாலர். அதே அளவு சொத்துள்ள பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள், 2023 ஜனவரி 1-ஆம் தேதி இறந்திருந்தால் வரி எதுவும் இல்லை. அந்த ஒரு நாள் இடைவெளிக்குக் காரணம் ஒரு சட்டத் திருத்தம். ஆளுநர் மோரா ஹீலி அதில் கையெழுத்திட்டதோ 2023 அக்டோபர் 4-ஆம் தேதி. ஆனாலும் சட்டம் பின்னோக்கிப் போய் ஜனவரி முதல் தேதியிலிருந்தே நடப்புக்கு வந்தது. அந்த ஒன்பது மாதத்தில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த குடும்பங்கள், எந்தச் சட்டப்படி கணக்குப் போடுவது என்று தெரியாமல்தான் காத்திருந்தன.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடம் எஸ்டேட் வரி என்று பேச்சை எடுத்தால், "அதெல்லாம் பெரும் பணக்காரர்களுக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். ஃபெடரல் வரியை, அதாவது அமெரிக்க மத்திய அரசின் வரியைப் பொறுத்தவரை அது சரிதான். 2026-இல் ஒருவர் 1 கோடியே 50 லட்சம் டாலர் வரை ஃபெடரல் எஸ்டேட் வரி இல்லாமல் விட்டுச் செல்லலாம். செய்தியில் வருவது இந்த எண்தான். ஆனால் நியூயார்க், மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், மேரிலாந்து, இலினாய், மினசோட்டா, வாஷிங்டன், ஓரிகன் உள்ளிட்ட 12 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும் தங்களுக்கென்று தனி எஸ்டேட் வரி வைத்திருக்கின்றன. அவற்றின் கோடு, அதாவது எவ்வளவு சொத்துக்கு மேல் வரி என்ற வரம்பு, பெரும்பாலும் ஃபெடரல் கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறது. ஓரிகனில் 2025 வரை 10 லட்சம் டாலர், மாசசூசெட்ஸில் இப்போது 20 லட்சம், மினசோட்டாவில் 30 லட்சம், இலினாயில் 40 லட்சம். கனெக்டிகட் மட்டும் ஃபெடரல் வரம்பையே எடுத்துக்கொண்டுவிட்டது.

நமக்கு இது புதிதாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவில் 1953-இல் வந்த எஸ்டேட் டியூட்டி, உச்சத்தில் 85 சதவீதம் வரை போன வரி, 1985 மார்ச்சில் வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த தலைமுறைக்குச் சாவோடு சேர்ந்து ஒரு வரி வரும் என்ற நினைப்பே கிடையாது. பத்திரம், பட்டா, வாரிசுச் சான்றிதழ் என்றுதான் மனம் போகும்.

சரி, மாநிலங்களுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம்? இது நூறு வருடக் கதை. ஃபெடரல் எஸ்டேட் வரி 1916-இல் வந்தது. 1924-இல் ஃப்ளோரிடா தன் அரசியலமைப்பையே திருத்தி, வருமான வரியும் வாரிசு வரியும் இங்கே கிடையாது என்று எழுதிக்கொண்டது. வடக்கிலிருக்கும் பணக்காரர்களை இழுப்பதுதான் நோக்கம். மற்ற மாநிலங்கள் பதறின. அதற்கு 1926-இல் நாடாளுமன்றம் ஒரு வழி கண்டது. மாநிலத்துக்குக் கட்டிய வரியை ஃபெடரல் வரியில் 80 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. ஃப்ளோரிடா வழக்குப் போட்டு 1927-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இனி மாநிலம் வரி போடாவிட்டாலும் அந்தப் பணம் ஃபெடரல் அரசுக்குத்தான் போகும் என்பதால், மாநிலங்கள் அந்தக் கழிவுக்கு ஈடான தொகையைத் தங்கள் வரியாக வைத்துக்கொண்டன. குடும்பத்துக்குக் கூடுதல் சுமை இல்லை, மாநிலத்துக்கும் வரவு.

2001-இல் புஷ் ஆட்சியின் வரிச் சட்டம் அந்தக் கழிவைப் படிப்படியாகக் குறைத்து 2005-இல் முழுவதுமாக நீக்கியது. பல மாநிலங்களில் வரி தானாகவே செத்துப்போனது. வருமானத்தை விட மனமில்லாத மாநிலங்கள் அந்தக் கழிவுக்கான பழைய விகிதப் பட்டியலையே தங்கள் சொந்தச் சட்டமாக்கிக்கொண்டன. இப்போது அது உண்மையிலேயே கூடுதல் வரியாகிவிட்டது. அதற்குப் பின் ஃபெடரல் வரம்பு 10 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல் ஏறியது. சில மாநிலங்களின் கோடு மட்டும் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

நின்றுவிட்ட அந்தக் கோடுதான் குடும்பங்களைப் பிடிக்கிறது. மாசசூசெட்ஸில் பாஸ்டனுக்கு வெளியே லெக்சிங்டன், ஆக்டன் போன்ற ஊர்களில் இருபத்தைந்து முப்பது வருடத்துக்கு முன்பு மென்பொருள் வேலைக்கு வந்த ஒருவர் வாங்கிய சாதாரண வீடு இன்று பத்து லட்சத்தைத் தொட்டு நிற்கும். அவர் பணக்காரராக வாழவில்லை, வீட்டு விலைதான் அவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியது. அதோடு 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு சேரும். கம்பெனி கொடுத்த பங்குகள் சேரும். பலரும் மறந்துவிடுவது ஆயுள் காப்பீடு. பாலிசி இறந்தவரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் இறந்த பிறகு வரும் தொகை முழுவதும் அவருடைய எஸ்டேட்டில் சேர்த்துக் கணக்கிடப்படும். மாதம் கொஞ்சம் பிரீமியம் கட்டி எடுத்த 10 லட்சம் டாலர் டெர்ம் பாலிசி உயிரோடு இருக்கும்வரை சொத்தே இல்லை. இறந்த அன்று 10 லட்சம் டாலர் சொத்து. ஊரில் அப்பா விட்டுப்போன வீடும் நிலமும்கூட மொத்த மதிப்பைப் பார்க்கும்போது உள்ளே வரும். மாசசூசெட்ஸின் புதிய சட்டத்தில், மாநிலத்துக்கு வெளியே இருக்கும் வீடு நிலத்துக்கு உரிய பங்கு வரியிலிருந்து விகிதப்படி கழியும். ஆனால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா என்று பார்க்கும்போது தஞ்சாவூர் வயலும் எண்ணிக்கையில் உண்டு.

வாஷிங்டன் மாநிலத்தில் கோடு நின்றுபோன விதம் தனிக் கதை. அங்கே சட்டம் நல்ல எண்ணத்தோடுதான் எழுதப்பட்டது. விலைவாசி ஏறினால் விலக்கு வரம்பும் ஏற வேண்டும், அதற்கு சியாட்டில்–டகோமா–பிரெமர்டன் பகுதியின் விலைக் குறியீட்டைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஃபெடரல் புள்ளிவிவரத் துறை பகுதிகளை மாற்றி அமைத்தபோது, அந்தப் பெயரில் இருந்த குறியீடு 2017-ஓடு நின்றுவிட்டது. சட்டத்தில் சொன்ன குறியீடு இல்லாததால் வரம்பும் ஏறவில்லை. 2018-இலிருந்து 2025 ஜூன் வரை 21 லட்சத்து 93 ஆயிரம் டாலரிலேயே உறைந்து நின்றது. பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ் பக்கம் வீட்டு விலை தாறுமாறாக ஏறிய வருடங்கள் இவை. ஒரு குறியீட்டின் பெயர் மாறியதை ஏழு வருடமாகத் திருத்தாமல் விட்டதற்குக் குடும்பங்கள் பணம் கட்டின. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

2025 மே மாதம் ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்திட்ட சட்டம், ஜூலை 1 முதல் வரம்பை 30 லட்சமாக உயர்த்தியது. கூடவே உச்ச விகிதத்தை 20 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக்கியது. 30 லட்சம் டாலர் எஸ்டேட்டுக்கு ஜூன் 30 அன்று வரி 80,700 டாலர், ஜூலை 1 அன்று ஒன்றுமில்லை. மேல்தட்டில் இருந்தவர்களுக்கோ அதே நாளில் சுமை கூடியது. ஒரே சட்டம் நடுத்தரக் குடும்பத்தை விடுவித்து, பெரும் சொத்துகளின் மேல் பாரத்தை ஏற்றியது.

வரித் தொகையைவிடக் குடும்பத்தை அதிகம் உலுக்குவது அதைக் கட்ட வேண்டிய வேகம். பெரும்பாலான மாநிலங்களில் இறந்த நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் பணமாகக் கட்ட வேண்டும். அப்பா விட்டுப்போனது பெரும்பாலும் வீடாக இருந்தால், வீட்டை அறுத்துக் கொடுக்க முடியாது. மாசசூசெட்ஸில் இறந்த நாளிலேயே அந்த வீட்டின் மேல் மாநில அரசுக்கு வரிப் பிடிப்பு, அதாவது வரிப் பாக்கிக்கான உரிமை, வந்துவிடும். எஸ்டேட் வரிக்கு உட்பட்ட வீடு என்றால், அந்தப் பிடிப்பை விடுவித்ததாக வரித்துறையின் சான்று வந்தால்தான் வாங்குபவர் நம்பி வாங்க முடியும். 401(கே)யிலிருந்து எடுத்துக் கட்டலாமென்றால், எடுத்த தொகைக்கு வருமான வரி தனியாக வரும்.

அப்புறம், வரியை யார் பங்கிலிருந்து கட்டுவது என்ற கேள்வி. காப்பீட்டிலும் 401(கே)யிலும் மகனின் பெயர் வாரிசாக எழுதியிருக்கிறது. வீடு உயில் வழியாக மகளுக்கு. உயிலின் கடைசிப் பக்கத்தில், எல்லா வரிகளும் உயிலில் அடங்கிய மிச்சச் சொத்திலிருந்து கட்டப்படட்டும் என்று ஒரு வரி இருக்கும். வக்கீல் வழக்கமாகப் போடும் வாசகம் அது. அதன்படி, அண்ணன் பெற்ற பணத்துக்கான வரியையும் தங்கை தன் வீட்டுப் பங்கிலிருந்து கட்ட வேண்டிவரும். எழுதியபோது வரம்புக்குக் கீழே இருந்ததால் யாரும் அதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். வீட்டு விலை ஏறியதும் அந்த ஒரு வரி உடன்பிறந்தவர்களைப் பிரிக்கும் வரியாகிவிடுகிறது.

கணவன் மனைவி விஷயத்துக்கு வருவோம். சட்டம் மாறும்போது அதிகம் அடிபடுவது இங்கேதான். நம் குடும்பங்களில் வழக்கமான உயில், "எனக்குப் பின் எல்லாம் என் மனைவிக்கு, அவளுக்குப் பின் பிள்ளைகளுக்கு" என்பது. முதல் சாவில் வரி இல்லை, ஏனென்றால் துணைக்குப் போகும் சொத்துக்கு வரி கிடையாது. ஆனால் கணவருக்குச் சட்டம் கொடுத்த விலக்கு பயன்படாமலே போய்விடுகிறது. ஃபெடரல் வரியில் 2011 முதல் அந்த மீதி விலக்கைத் துணைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாநில அளவில் ஹவாயும் மேரிலாந்தும்தான் அதற்கு இடம் தருகின்றன. மாசசூசெட்ஸில் இருவருக்கும் சேர்த்து 40 லட்சம் டாலர் சொத்து என்றால், எல்லாம் மனைவியிடம் சேர்ந்து அவர் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு வரும்போது வரி 1,80,800 டாலர். ஆளுக்குப் பாதியாகச் சொத்தைப் பிரித்து வைத்து, முதலில் போகிறவரின் 20 லட்சத்தை டிரஸ்டில் வைத்து மனைவி அதிலிருந்து வாழ ஏற்பாடு செய்திருந்தால் வரி இல்லை. ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் முழுக்கக் காகிதத்தில் எப்படி எழுதினோம் என்பதிலிருந்து வருவது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அதில் சிக்குபவர்கள் முன்யோசனையோடு வக்கீலிடம் போனவர்கள். 2003-இல் எழுதிய ஒரு உயிலில், "ஃபெடரல் வரி வராமல் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவும் பிள்ளைகளுக்கான டிரஸ்டுக்கு, மிச்சம் மனைவிக்கு" என்று ஒரு சூத்திரம் இருக்கும். அன்று ஃபெடரல் வரம்பு 10 லட்சம். 30 லட்சம் சொத்தில் 10 லட்சம் டிரஸ்டுக்கும் 20 லட்சம் மனைவிக்கும் போகும் என்பதுதான் அவர் மனதில் இருந்த கணக்கு. 2025-இல் ஃபெடரல் வரம்பு 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம். அதே வாசகம் இப்போது 30 லட்சத்தையும் டிரஸ்டுக்குத் தள்ளுகிறது, மனைவிக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. மனைவிக்குப் போகாததால் துணைக்கான விலக்கும் இல்லை, ஆக முதல் சாவிலேயே மாசசூசெட்ஸுக்கு 82,400 டாலர் வரி. உயிலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வாஷிங்டன் டி.சி.யில் ஒரு எண் மாறியதால், பாஸ்டன் புறநகரில் ஒரு அம்மா தன் செலவுக்கு டிரஸ்டியிடம் கேட்டு நிற்கிறார்.

கிரீன் கார்டில் இருக்கும் மனைவிக்கு இன்னொரு சிக்கல். துணைக்குப் போகும் சொத்துக்கு வரி இல்லை என்ற விதி, அந்தத் துணை அமெரிக்கக் குடிமகளாக இருந்தால்தான் முழுமையாகப் பொருந்தும். இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாமல் இருபது வருடமாகக் கிரீன் கார்டிலேயே இருக்கும் பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். ஃபெடரல் வரம்பு ஒன்றரைக் கோடியாக இருப்பதால் அங்கே பாதிப்பு இல்லை. ஆனால் பல மாநிலங்களின் சட்டம் இந்த விதியில் ஃபெடரல் சட்டத்தையே பின்பற்றுகிறது. நாற்பத்தைந்து வயதில் திடீரென்று இறந்த ஒருவருக்கு வீட்டிலும் சேமிப்பிலும் 10 லட்சம், டெர்ம் காப்பீடு 15 லட்சம் என்று வையுங்கள். துணைக்கான விலக்கு கிடைக்காவிட்டால் மாசசூசெட்ஸில் வரி 39,200 டாலர். சின்னப் பிள்ளைகளோடு நிற்கும் பெண்ணுக்கு அது ஒரு வருட வீட்டுக் கடன் தவணையாக இருக்கலாம். வெளிநாட்டுத் துணைக்கென்றே உள்ள ஒரு வகை டிரஸ்டில் சொத்தைப் போட்டால் வரியைத் தள்ளிப்போடலாம். கணவர் இறந்த நாளிலிருந்து தொடர்ந்து அமெரிக்காவிலேயே வசித்து, எஸ்டேட் கணக்கைத் தாக்கல் செய்வதற்குள் குடியுரிமை பெற்றாலும் விலக்கு கிடைக்கும். இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. துக்க வீட்டில் இதை எடுத்துச் சொல்லவும் ஆள் இருக்காது.

நியூயார்க்கில் கோடு உயரம், ஆனால் அதன் அந்தப் பக்கம் பள்ளம். 2025-இல் விலக்கு 71 லட்சத்து 60 ஆயிரம் டாலர். சொத்து அதை ஐந்து சதவீதம் தாண்டிவிட்டால் விலக்கே முழுவதும் மறைந்து, முதல் டாலரிலிருந்து வரி. 75 லட்சத்து 18 ஆயிரம் டாலர் விட்டுச் சென்றவரின் குடும்பம் ஏறத்தாழ 7 லட்சத்து 7 ஆயிரம் டாலர் கட்டும். கோட்டுக்கு மேல் கூடுதலாக இருந்ததோ 3 லட்சத்து 58 ஆயிரம்தான். அந்தக் கூடுதல் பணம் இல்லாமலே இருந்திருந்தால் பிள்ளைகளுக்கு அதிகம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் அங்கே சிலர் உயிலில், கோட்டைத் தாண்டும் தொகை மட்டும் தர்மத்துக்குப் போகட்டும் என்று எழுதி வைக்கிறார்கள். மினசோட்டாவில் விவசாய நிலத்துக்கும் சிறு தொழிலுக்கும் கூடுதலாக 20 லட்சம் விலக்கு உண்டு. ஆனால் வாரிசுகள் மூன்று வருடத்துக்குள் அதைக் கைவிட்டால் 16 சதவீதம் திரும்பக் கட்ட வேண்டும்.

இத்தனையும் கேட்டபின் பலருக்கும் வரும் முதல் யோசனை, உயிரோடு இருக்கும்போதே வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிவிடலாம் என்பது. அவசரப்பட வேண்டாம். 3 லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று 12 லட்சம் என்றால், இறந்த பிறகு பிள்ளைக்கு வரும்போது அதன் அடக்க விலை 12 லட்சமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மறுநாள் விற்றாலும் லாபத்துக்கு வரி இல்லை. உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுத்தால் அடக்க விலை அப்பா வாங்கிய 3 லட்சமேதான், 9 லட்சம் லாபத்துக்கு வருமான வரி. மாநில வரி குறைந்ததோ நீங்கியதோ ஆன இடங்களில், முன்பு பயந்து எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் இன்று இந்த வரியைக் கட்டுகிறார்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதும் முழுத் தீர்வு இல்லை. டெக்சஸுக்குப் போய்விட்டு மாசசூசெட்ஸ் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அந்த வீட்டின் பங்குக்கு மாசசூசெட்ஸ் வரி கேட்கும்.

இந்த வரியே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வாஷிங்டனில் இதன் வருமானம் கல்விக்கான தனிக் கணக்குக்குப் போகிறது. 2006-இல் இதை நீக்கலாமா என்று மக்களிடமே கேட்டபோது அவர்கள் மறுத்தார்கள். ஓஹையோ 2013-இல் தன் எஸ்டேட் வரியை நீக்கியது. அங்கே கோடு 3,38,333 டாலராக இருந்ததால் சாதாரணக் குடும்பங்களுக்கு அது நிம்மதிதான். ஆனால் அந்த வரியில் 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது, சின்ன நகரங்களின் வரவில் ஓட்டை விழுந்தது. பணக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்ற வாதத்திலும் பாதி உண்மை உண்டு. பொருளாதார அறிஞர்கள் என்ரிக்கோ மொரெட்டியும் டேனியல் வில்சனும் அமெரிக்காவின் 400 பெரும் பணக்காரர்களைக் கொண்ட ஃபோர்ப்ஸ் 400 பட்டியலை ஆராய்ந்து, 2001-க்குப் பின் பெரும் கோடீஸ்வரர்கள் எஸ்டேட் வரி உள்ள மாநிலங்களிலிருந்து நகர்ந்தது உண்மை என்றும், அப்படியும் பெரும்பாலான மாநிலங்களுக்கு இழப்பைவிட வரவே அதிகம் என்றும் கண்டார்கள். வரியை வைத்துக்கொள்ளுங்கள், கோட்டை மட்டும் விலைவாசியோடு நகர்த்துங்கள் என்பதுதான் என் வாதம். ஃப்ளோரிடாவுக்குப் போகத் தெரிந்த கோடீஸ்வரருக்குக் கோடு எங்கே இருந்தாலும் வழி இருக்கிறது. உறைந்துபோன கோட்டில் மாட்டுவது, வீட்டைத் தவிர வேறு பெரிய சொத்து இல்லாதவர்.

கடைசியாக, நம்மவர்கள் அதிகம் வாழும் நியூஜெர்சி. அங்கே எஸ்டேட் வரிக்கான கோடு 2016 வரை வெறும் 6,75,000 டாலர். 2016 அக்டோபரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஒரு பேரத்தில் கையெழுத்திட்டார். பெட்ரோல் வரி கேலனுக்கு 23 சென்ட் ஏறும், எஸ்டேட் வரி போகும். 2017-இல் வரம்பு 20 லட்சமானது, 2018 ஜனவரி 1 முதல் வரியே இல்லை. நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும் வைத்திருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அன்றே பாரம் இறங்கியது.

ஆனால் நீங்கியது எஸ்டேட் வரி மட்டும். வாங்குகிறவர் யார் என்று பார்த்துப் போடும் வாரிசு வரி அப்படியே இருக்கிறது. துணை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோருக்கு வரி இல்லை. உடன்பிறந்தவருக்கும் மருமகன் மருமகளுக்கும் முதல் 25,000 டாலருக்கு மேல் 11 சதவீதத்தில் தொடங்கும். அக்கா பிள்ளைகள், தம்பி பிள்ளைகள், நண்பர்கள் எல்லோருக்கும் 15 சதவீதத்தில் தொடக்கம். கல்யாணம் செய்துகொள்ளாமல் எடிசனில் வாழ்ந்து முடித்த ஒரு பெண், வங்கியிலிருந்த 3 லட்சம் டாலரை மதுரையில் இருக்கும் அக்காவுக்கு எழுதி வைத்தால் 30,250 டாலர் வரி. அக்கா மகனுக்கு எழுதினால் 45,000. வாங்குகிறவர் மதுரையில் இருப்பதால் அது குறையாது, எழுதியவர் நியூஜெர்சியில் வாழ்ந்ததுதான் கணக்கு. எட்டு மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். அதே 3 லட்சம் ஆயுள் காப்பீடாக இருந்து, பாலிசியில் வாரிசு என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்திருந்தால் இந்த வரி ஒரு டாலர்கூட இல்லை.